நான்கு கதவு ஹெரால்டு

பள்ளி விடுமுறைக்கு மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். ஒன்பது வயது. என் மேஜை மேல் பாதி ஒட்டிய மாடல் கார் ஒன்று இருந்தது. பக்கத்தில் சட்டம் போட்ட பழைய கறுப்பு வெள்ளைப் படம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவன், "அப்புச்சி, போட்டோவுல நாலு கதவு இருக்குது. இதுல ரெண்டுதான் இருக்குது. தப்பான காரை வாங்கிட்டீங்களா?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் சுற்றி வளைத்துப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3. என் தாய்மாமன் 1970ல் வாங்கியது. நெகமம் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்போது இருந்த ஒரே கார். மேஜை மேல் இருப்பது இங்கிலாந்தின் ஏர்பிக்ஸ் கம்பெனியின் பிளாஸ்டிக் கிட். டிரயம்ப் ஹெரால்டு, 32ல் ஒரு பங்கு அளவு. இரண்டும் ஒரே வம்சம்தான். நடுவில் இரண்டு கதவு எப்படி முளைத்தது என்பதில்தான் கதை இருக்கிறது.

முதலில் கிட் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் பாகங்களைக் கத்தரித்து, உப்புத்தாள் போட்டு, ஒட்டி, பெயின்ட் அடித்து நாமே செய்துகொள்ளும் சின்னக் கார். கடையில் விற்கும் பொம்மைக் கார் முழுசாக வரும். இது சாமான்களாக வரும். பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கொடியில் காய்த்த மாதிரி தொங்கும். அந்தக் கொடிக்கு இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் சொல்லும் பெயர் 'ஸ்ப்ரூ'. பீளமேட்டில் ஒரு பவுண்டரியின் பேட்டர்ன் ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவன் நான். ரிட்டயர் ஆன பிறகு முதல் கிட் டப்பாவைத் திறந்து இந்தச் சொல்லைப் படித்ததும் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது. எங்கள் தொழிலில் உருகிய இரும்பு அச்சுக்குள் இறங்கும் வழிக்குப் பெயர் ஸ்ப்ரூ. வார்ப்புக்காரர்களின் சொல்தான் பிளாஸ்டிக்குக்கும் போயிருக்கிறது.

சொல் மட்டும் இல்லை, புத்தியும் ஒன்றுதான். பம்ப் செட்டின் உடலை வார்ப்பதற்கு முன்னால் அதை மரத்தில் செய்வோம். அதுதான் பேட்டர்ன். இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு போலச் சுருங்கும். அதனால் மரத்தில் அந்த அளவு கூட வைத்துச் செய்ய வேண்டும். மண்ணிலிருந்து பேட்டர்னைச் சேதமில்லாமல் உருவுவதற்கு பக்கவாட்டில் லேசாகச் சரிவு கொடுக்க வேண்டும். கிட் பாகங்களைக் கையில் எடுத்துப் பாருங்கள், அதே சரிவு இருக்கும். எஃகு அச்சிலிருந்து பிளாஸ்டிக் கழன்று வரவேண்டும் அல்லவா? கோயமுத்தூர்க்காரனுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி ஏர்பிக்ஸ் கதை. நிக்கோலஸ் கோவ் என்ற ஹங்கேரிக்காரர் 1939ல் லண்டனில் தொடங்கிய கம்பெனி அது. காற்றடைத்த ரப்பர் பொம்மையில் ஆரம்பித்து, போருக்குப் பிறகு பிளாஸ்டிக் சீப்பு செய்தார்கள். 1949ல் பெர்குசன் டிராக்டர் கம்பெனி தன் விற்பனை ஆட்கள் கையில் கொண்டுபோய்க் காட்டுவதற்கு ஒரு சின்ன டிராக்டர் மாடல் செய்து தரச் சொன்னது. அதை ஒட்டி முடித்துக் கொடுப்பது பெரும்பாடாக இருந்ததாம். பின்னர் பாகங்களாகவே டப்பாவில் போட்டு, 'நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள்' என்று விற்றார்கள். ஏர்பிக்ஸின் முதல் கிட் அப்படித்தான் பிறந்தது. 1952ல் 'கோல்டன் ஹைண்ட்' கப்பல் வந்தது. 1956ல் 1930ஆம் வருஷத்துப் பென்ட்லி கார் 32ல் ஒரு பங்கு அளவில் வந்தது. 1960களில் அதே அளவில் டிரயம்ப் ஹெரால்டும் வந்தது.

அந்தப் பெர்குசன் டிராக்டரை அப்போது இங்கிலாந்தில் தயாரித்துக் கொடுத்தது யார் தெரியுமா? கோவென்ட்ரி நகரத்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. அதே கம்பெனியின் கூட்டில்தான் 1948ல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா ஆரம்பமாயிற்று. தொழிற்சாலை வண்டலூரில். பெர்குசன் பெயரோ பிறகு மாசே பெர்குசன் ஆகி, 1960ல் தொடங்கிய டாஃபே மூலம் சென்னையில் டிராக்டராக வந்தது. நம் பக்கத்துக் காடு தோட்டமெல்லாம் அது உழுதது உங்களுக்கே தெரியும். ஏர்பிக்ஸின் முதல் மாடலும் எங்கள் மாமன் வீட்டுக் காரும் கடைசியில் ஒரே வீட்டுச் சொந்தக்காரர்கள்.

ஹெரால்டு ஏன் அப்படி ஒரு காராக வந்தது என்பது இன்னும் சுவாரசியம். ஸ்டாண்டர்டு கம்பெனிக்குக் கார் கூடு செய்து கொடுத்துவந்தது பிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனம். 1953ல் அதைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. கூடு செய்து தர ஆளில்லை. மற்ற கம்பெனிகள் கூட்டையும் சேசிஸையும் ஒன்றாக்கி வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் பழைய முறைக்கே திரும்பினார்கள். கீழே தனிச் சேசிஸ். மேலே பல இடங்களில் தனித்தனியாகச் செய்த கூட்டுப் பாகங்கள். எல்லாவற்றையும் போல்ட் போட்டு முடுக்கிவிட வேண்டியது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலொட்டி. 1959ல் கார் வெளிவந்தது. பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து முன்னால் கவிழும். மெக்கானிக் முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜின் வேலை பார்க்கலாம்.

இப்போது புரிகிறதா? ஹெரால்டு என்பதே ஒரு கிட்தான். பாகங்களாகப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பி, போகிற ஊரில் முடுக்கிக்கொள்ளத் தோதான கார். அயர்லாந்திலும் மால்டாவிலும் அப்படித்தான் சேர்த்துக் கட்டினார்கள். ஏர்பிக்ஸ் சின்னதாகச் செய்ததைத்தான் ஸ்டாண்டர்டு பெரிதாகச் செய்தது.

ஆனால் இந்தியாவில் சேர்த்துக் கட்டினால் மட்டும் போதாது. 1953ல் அரசு ஒரு முடிவு எடுத்தது. பாகங்களை இறக்குமதி செய்து முடுக்கி விற்கிறவர்கள், படிப்படியாக இங்கேயே தயாரிக்கும் திட்டம் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையை மூடிவிட்டுப் போனது அந்தச் சமயத்தில்தான். ஸ்டாண்டர்டு நின்றது. 1961ல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. 948 சிசி என்ஜின். வருஷத்துக்கு வருஷம் உள்நாட்டுப் பாகங்கள் கூடிக்கொண்டே போயின.

இங்கிலாந்து ஹெரால்டு சலூனுக்கு இரண்டு கதவுதான். அங்கே கடைசிவரைக்கும் நான்கு கதவு வரவே இல்லை. கணவன் மனைவி முன்னால், பிள்ளைகள் பின்னால் என்று போகிற ஊருக்கு அது போதும். நம் ஊரில் அம்பாசடருக்கும் பியட்டுக்கும் நான்கு கதவு. பின் சீட்டில் உட்காருகிறவர்கள் வீட்டுப் பெரியவர்கள்.

என் அமுச்சிக்கு இடுப்பில் அடிபட்டுக் குனிய முடியாது. மாமன் கார் வாங்குவதற்கு முன்னால் பொள்ளாச்சியில் ஒரு உறவுக்காரர் இரண்டு கதவு ஹெரால்டு வைத்திருந்தார். ஒரு கல்யாணத்துக்கு அதில் வரச் சொன்னார். முன் சீட்டை மடக்கி, தலையைக் குனிந்து, பக்கவாட்டில் நுழைய வேண்டும். அமுச்சி ஒரு தரம் முயற்சி செய்துவிட்டு, "நா வண்டீலயே வந்துக்கறனுங்க சாமி" என்று சொல்லி மாட்டு வண்டியில் ஏறிக்கொண்டது. கல்யாணத்தில் தாலி கட்டிய பிறகுதான் போய்ச் சேர்ந்தது.

சென்னைக்காரர்கள் இது மாதிரி எத்தனை பேர் பேச்சைக் கேட்டார்களோ, 1968க்குப் பிறகு வந்த மார்க் 3ல் நான்கு கதவு வைத்தார்கள். இந்தியாவுக்காகவே செய்த கூடு அது. சக்கர இடைவெளியைக் கூட்டவில்லை. அதே நீளத்துக்குள் முன் கதவைச் சுருக்கி, நடுத்தூணை முன்னால் தள்ளி, பின் கதவுக்கு இடம் பிடித்தார்கள். அதனால்தான் மாமன் அதை வாங்கினார். அமுச்சி பின் கதவு வழியாக ஏறி உட்கார்ந்து முதல் தரம் பழனிக்குப் போய் வந்தது.

1973ல் ஒரு ராத்திரி எங்கள் அய்யன் கிணற்று மேட்டில் மயங்கி விழுந்துவிட்டார். எனக்குப் பதினைந்து வயது. பின் கதவு இரண்டையும் திறந்து, ஒரு பக்கம் மாமன் தாங்க, மறுபக்கம் நான் உள்ளே ஏறி இழுத்து, அய்யனைப் பின் சீட்டில் படுக்க வைத்தோம். அம்மா கீழே உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டது. கோயமுத்தூர் போய்ச் சேரும்வரை நான் நடுத்தூணைப் பிடித்துக்கொண்டு முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்தே வந்தேன். அய்யன் பிழைத்து அதற்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தார். ஆகவே எனக்கு அந்தத் தூண் எந்த இடத்தில் இருந்தது என்பது சின்ன விஷயம் இல்லை.

சின்ன வயதில் இந்த மாதிரி கிட் எதையும் நாங்கள் பார்த்ததில்லை. வெளிநாட்டுப் பொம்மையை இறக்குமதி செய்வதெல்லாம் அன்றைய சட்டத்தில் நடக்கிற காரியமா? கல்கத்தாவில் 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் உலோகக் கார்கள் வந்தன. இங்கிலாந்தின் டிங்கி கம்பெனி தனக்கு வேண்டாத அச்சுகளை விற்க, அதில் வார்த்தவை. டிங்கியின் டிரயம்ப் விடெஸ் கார், இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் விற்றது. விடெஸ் என்பது ஹெரால்டின் அண்ணன், முன்னால் நான்கு விளக்கு. நம் ஹெரால்டுக்கு இரண்டே விளக்கு. அதிலும் கதவு இரண்டுதான். ஆக, எங்கள் மாமன் காரைச் சின்னதாகச் செய்தவர் அன்றும் இல்லை.

2001 ஏப்ரலில் நுகர்பொருள்கள் இறக்குமதிக்கு இருந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடுகள் நீங்கின. அதன் பிறகு கிட்கள் கடைக்கு வர ஆரம்பித்தன. சுங்கச் சட்டத்தில் கிட்டுக்குத் தனி இடம் கிடையாது. மூன்று சக்கர சைக்கிள், பொம்மை, புதிர் எல்லாம் இருக்கும் 9503 என்ற தலைப்பில்தான் இதுவும். பொம்மைகளுக்கான வரி 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆயிற்று, 2023ல் 70 ஆயிற்று. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குத் தர முத்திரையும் கட்டாயம். உள்ளூர்ப் பொம்மைத் தொழில் பிழைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அறுபது வயதுக்காரன் ஆறு வாரம் உட்கார்ந்து ஒட்டுவதும் அதே கணக்கில் வருகிறது. என் கிட்டை மகள் வெளிநாட்டிலிருந்து வரும்போது பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தாள். ஒன்றே ஒன்று. கெட்டுப்போனால் மறுபடி கிடைப்பது கஷ்டம்.

இப்போது பேரன் கேள்விக்கு வருகிறேன். இரண்டு கதவு பிளாஸ்டிக் காரை நான்கு கதவாக்க வேண்டும் என்றால், பக்கத்துக்கு ஒரு புதுத் தூண், கதவின் புது விளிம்புக் கோடுகள். எங்கே கீறுவது என்பதுதான் பிரச்சினை. புகைப்படம் சாய்வாக எடுத்தது. அதில் அளந்தால் முன்பக்கம் பெரிதாகவும் பின்பக்கம் சிறிதாகவும் வரும். வீட்டுக் கார் பழைய இரும்புக்குப் போய் நாற்பது வருஷம் ஆகிவிட்டது.

விசாரித்ததில் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு பட்டறையின் பின்புறம் மார்க் 3 ஒன்று நிற்கிறது என்று தெரிந்தது. புளிய மரத்தடியில், சக்கரம் மண்ணில் புதைந்து, பின் சீட்டில் கோழி அடை படுத்திருந்தது. பட்டறைக்காரத் தம்பியிடம் கேட்டேன். "அளந்துக்குங்க ஐயா, கோழியை மட்டும் எழுப்பீராதீங்க" என்றார். டேப் பிடித்தேன். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் ஏழடி ஏழரை அங்குலம். இங்கிலாந்து ஹெரால்டின் கணக்கும் அதுதான். பிறகு தூண், கதவுக் கீல், கண்ணாடிச் சட்டம் எல்லாம் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு, வீட்டுக்கு வந்து 32ஆல் வகுத்தேன். பன்னிரண்டடி ஒன்பது அங்குலக் கார் மேஜை மேல் 12 சென்டிமீட்டர். ஐந்தடி அகலம் 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. இந்த அளவில் அரை மில்லிமீட்டர் தவறினால் நிஜக் காரில் 16 மில்லிமீட்டர் தவறின மாதிரி. அவினாசி சாலையில் 2015ல் திறந்த ஜிடி கார் அருங்காட்சியகத்துக்கு நான் அடிக்கடி போவேன். அங்கே நான் முதலில் பார்ப்பது கதவு இடுக்கைத்தான். இடுக்கு சீராக இருந்தால் கார் பார்க்க நிமிர்ந்து நிற்கும்.

கோடு கீறுவதற்குக் கெட்டியான டேப்பை வளையாமல் ஒட்டி, பிளேடின் முதுகுப் பக்கத்தால் லேசாக இழுக்க வேண்டும். கூர்ப்பக்கம் பிளாஸ்டிக்கைப் பிளக்கும், முதுகுப்பக்கம் நூலாகச் சுருட்டி எடுக்கும். இருபது தரம், முப்பது தரம் மெதுவாக. டிரைவர் பக்கம் நன்றாக வந்தது. மறுபக்கம், எனக்கு ஏற்கெனவே கண்புரை ஆபரேஷன் ஆகாத கண், பிளேடு வழுக்கிப் பின் மட்கார்டு வரை கீறிவிட்டது. அன்றைக்கு எழுந்துபோய் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரி காபி கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் பட்டி வைத்து நிரப்பி, காயவிட்டு, வாட்டர் பேப்பரில் தேய்த்து, மறுபடி கீறினேன். பிளாஸ்டிக்கை ஒட்டும் திரவம் பிசின் இல்லை. இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் கரைத்து ஒன்றாக்கிவிடும். அதனால் தூணுக்கு ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் பட்டை கூட்டோடு சேர்ந்தே போயிற்று.

பெயின்ட் அடிப்பது இன்னொரு பாடம். நிஜக் காரில் பெயின்ட் சுமார் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கனம் இருக்கும். அதை 32ஆல் வகுத்தால் 3 மைக்ரான். யாராலும் அவ்வளவு மெல்லிசாக அடிக்க முடியாது. ஆனால் பிரஷ்ஷில் தடிமனாகப் பூசினால் கீறிய கோடெல்லாம் அடைந்துபோகும். சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, பிரைமர் அடித்து, தேய்த்து, பிறகு ஏர்பிரஷ்ஷில் நிறம் மூன்று மெல்லிய பூச்சு. நம் ஊர் எல்ஜி 1960ல் ஆரம்பித்தது கார் பட்டறைச் சாமான்கள் செய்யத்தான். கம்ப்ரசர் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர் இது. என் மேஜைக் கம்ப்ரசர் அதன் கொள்ளுப்பேரன் அளவு. ஆனி ஆடியில் அடிக்கக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீட்டுக்குள் தூசியைக் கொண்டுவந்து ஈரப் பெயின்டில் ஒட்டிவிடும். ஐப்பசி ஈரத்தில் லாக்கர் வெளுத்துப்போகும். தை, மாசி நல்ல மாதம்.

மாமன் கார் இளநீலம். தை கடைசியில் நிறம் அடித்தேன். சென்னையில் ஹெரால்டு நின்று, கஜெல் வந்து, 1980களின் கடைசியில் அந்தத் தொழிற்சாலையில் கார் செய்வதே நின்றுபோயிற்று. நான்கு கதவு வைக்கத் துணிந்த அந்த டிராயிங் ஆபீஸ்காரர்கள் யாரென்று எங்கும் பெயர் எழுதி வைத்திருப்பதாகத் தெரியவில்லை. அவர்கள் பலகையில் வரைந்த கோட்டைத்தான் நான் பிளேடால் கீறினேன்.

முடித்த காரைப் பேரனுக்கு வீடியோ காலில் காட்டினேன். கதவை எண்ணினான். "நாலு. சரி அப்புச்சி. ஆனா அந்தப் பக்கத்துக் கதவு கொஞ்சம் பெருசா இருக்குது" என்றான். இருக்கிறது. அரை மில்லிமீட்டர். பிளேடு வழுக்கிய பக்கம். அய்யனை ஏற்றும்போது மாமன் நின்ற பக்கமும் அதுதான். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டு ஆல்பத்தில் மார்க் 3 ஹெரால்டைப் பக்கவாட்டில் நேராக எடுத்த படம் இருந்தால் பத்திரமாக வையுங்கள். முடிந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அடுத்த வருஷம் மகள் வரும்போது இன்னொரு கிட் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்குள் கண்ணையும் சரி பண்ணிக்கொள்கிறேன்.